புதுப் பாம்பு வீட்டுக்கு வந்ததும்: பழக விடுவது, இரை கொடுப்பது, கையில் எடுப்பது

புதிதாகப் பாம்பு வளர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள். "மூணு நாளாச்சு, எதுவுமே சாப்பிடலை" என்பது ஒன்று. "தூக்கப் போனா சீறுது" என்பது இன்னொன்று. விசாரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும். செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருப்பார்கள், ஆனால் வரிசை மாறியிருக்கும். பாம்பு வந்த பிறகுதான் தொட்டி தயாராகியிருக்கும். முதல் இரையை எடுப்பதற்கு முன்பே வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு முறை தூக்கிப் பார்த்திருப்பார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியதுதான். ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது. புதியவர்கள் அதிகம் வளர்க்கும் பால் பைத்தானையும் (ball python, பயந்தால் பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு வகை) கார்ன் ஸ்நேக்கையும் (corn snake) எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். இரண்டுமே விஷமற்றவை. வேறு இனம் என்றால் வெப்ப அளவுகள் மாறும், வரிசை மாறாது.

வெளியே பிடித்த பாம்புக்கு இது எதுவும் பொருந்தாது. அதைப் பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. வளர்ப்பில் பிறந்த பாம்பாக இருக்க வேண்டும். நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் அந்த இனத்தை வளர்க்க அனுமதிக்கிறதா, பதிவு தேவையா என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

1. முதலில் தொட்டி, பிறகுதான் பாம்பு

பாம்பு வருவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே தொட்டி முழுதாகத் தயாராகி, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பகலில் எவ்வளவு சூடு, இரவில் எவ்வளவு என்று அந்த மூன்று நாளும் குறித்து வையுங்கள். அளவு ஏறி இறங்கினால் வெறும் தொட்டியில் சரிசெய்வது எளிது. பாம்பு உள்ளே இருக்கும்போது கையை விட்டுக்கொண்டே இருந்தால் அது பழகவே பழகாது.

தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் இதமாகவும் இருக்க வேண்டும். பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. இடம் மாறி இடம் மாறித்தான் அது தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்துத் தரையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 25. காற்றின் ஈரப்பதம் பால் பைத்தானுக்கு 60 முதல் 80 சதவீதம், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். அறையே சூடாக இருக்கும் காலத்தில் கவலைப்பட வேண்டியது இதமான பக்கத்தைப் பற்றித்தான். அங்கேயும் 30ஐத் தாண்டிவிட்டால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), பல்பு, எதுவானாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடாதீர்கள். செலவைக் குறைக்க இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். சுடும் தரையை விட்டுப் பாம்பு விலகிவிடும் என்று நினைக்கிறோம், அது விலகாது. படுத்தே கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். ஹீட் மேட் தொட்டிக்கு அடியில் இருந்தால், தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒட்டிவிடுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதைத் தள்ளிவிடும். சென்சார் நகர்ந்து குளிர்ந்த இடத்தில் கிடந்தால், தெர்மோஸ்டாட் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். உள்ளே தரையில் எவ்வளவு சூடு என்பதைத் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரில் பாருங்கள்.

மறைவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, இதமான பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால், பாம்பு பாதுகாப்புக்காக அதிலேயே கிடக்கும், உடம்புக்குத் தேவையான வெப்பத்தை விட்டுக்கொடுத்துவிடும். இரண்டும் ஒரே மாதிரி, இறுக்கமாக இருக்கட்டும். சுருண்டு படுத்தால் முதுகும் பக்கமும் சுவரில் படும் அளவுதான் சரி. விசாலமான குகை நமக்கு அழகு, பாம்புக்கு அது திறந்தவெளி.

முதல் மாதம் தரைக்கு வெள்ளைப் பேப்பர் டவல் போதும். எச்சம், கக்கிய இரை, கறுப்புப் புள்ளியாய் ஊரும் உண்ணி எல்லாம் அதில் உடனே தெரியும். பால் பைத்தானுக்கு ஈரம் குறையும், அதற்கு ஈரமான பாசி நிரப்பிய சின்ன டப்பா ஒன்று உள்ளே வைத்துவிடுங்கள். பிறகு தேங்காய் நார்த்தூள் போன்றவற்றுக்கு மாறலாம். தேவதாரு, பைன் மரத்தூள் மட்டும் எப்போதும் வேண்டாம், அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் நுரையீரலுக்குக் கெடுதல்.

கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம், பூட்டக்கூடிய மூடி, இவ்வளவுதான் மிச்சம். தலை நுழையும் இடுக்கில் மொத்தப் பாம்பும் நுழைந்துவிடும், ஆகவே மூடியின் நான்கு மூலைகளையும் விரலால் தூக்கிப் பாருங்கள்.

2. வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

இது வரை என்ன இரை சாப்பிட்டது, சுண்டெலியா பெரிய எலியா, உயிரோடா உறைய வைத்ததா, என்ன அளவு, கடைசியாகச் சாப்பிட்ட தேதி என்ன, கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது? இத்தனையையும் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் உங்கள் கண் முன்னால் ஒரு முறை சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வேளையாவது சாப்பிட்டதை யாரும் பார்க்காத குட்டியை முதல் பாம்பாக வாங்க வேண்டாம்.

கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் உண்ணி இருக்கிறதா, வாயோரம் நுரை இருக்கிறதா, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே வேறு பாம்போ ஓணானோ இருந்தால், புதியதை 60 முதல் 90 நாள் வேறு அறையில் வைக்க வேண்டும். இடுக்கி, கிண்ணம் எல்லாம் அதற்குத் தனி.

ஒரு நோட்டுப் புத்தகம், கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். தராசைப் பாம்புக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாப்பிட மறுக்கும்போது பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதைத் தராசுதான் சொல்லும்.

3. முதல் நாள்

துணிப்பையோடு தொட்டிக்குள் இறக்கி, பையின் வாயைத் திறந்து, மறைவிடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடுங்கள். தானாக வெளியே வரட்டும். பையை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். புகைப்படம் வேண்டாம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். வந்த அன்று ஆசையாகத்தான் இருக்கும், புரிகிறது.

4. முதல் ஏழு நாள்: தண்ணீர் மட்டும்

இந்த ஏழு நாளும் உங்களுக்கு இரண்டே வேலை: தண்ணீர் மாற்றுவது, வெப்பத்தைப் பார்ப்பது. எச்சம் இருந்தால் அந்தத் துண்டுக் காகிதத்தை மட்டும் எடுங்கள். மறைவிடத்தைத் தூக்கி "உள்ளேதான் இருக்கா?" என்று பார்ப்பதுதான் இந்த வாரத்தின் பெரிய தவறு. நீங்கள் தூக்கும் ஒவ்வொரு முறையும், அந்த இடமும் பாதுகாப்பில்லை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். மூடி பூட்டியிருந்தால் உள்ளேதான் இருக்கும்.

கண்ணாடித் தொட்டியாக இருந்தால் மூன்று பக்கமும் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். பாம்புக்குக் கண்ணிமை கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு உலகத்தை மறக்கும் வசதி அதற்கில்லை. சுற்றி நடமாட்டம் தெரிந்துகொண்டே இருந்தால் ஓய்வே இருக்காது. தொட்டியை ஸ்பீக்கர், வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். தரையின் அதிர்வை அது உடம்பு முழுக்க உணரும்.

பகல் முழுக்க மறைவிடத்தில் கிடந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரவில் விளக்கை அணைத்த பிறகு மெல்ல வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னும் நல்லது. ஆனால் இரவு முழுக்க மூடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சூட்டையும் மறைவிடத்தையும் மறுபடி பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தால் மிகையான சூடு, உண்ணி, அல்லது சட்டை உரிக்கப்போகிறது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

5. முதல் இரை

எட்டாம் நாள், பொழுது சாய்ந்த பிறகு. பாம்பின் உடம்பில் எது மிகத் தடிமனான பகுதியோ, அந்தத் தடிமனுக்கு மேல் இரை இருக்கக் கூடாது. எடைக் கணக்கில், குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம். முதல் இரை மட்டும் வழக்கத்தைவிட ஓர் அளவு சின்னதாக இருக்கட்டும். புது இடத்தின் பதற்றம் அடங்காத வயிற்றுக்குச் சின்ன இரை சீக்கிரம் செரிக்கும், கக்கும் வாய்ப்பும் குறையும்.

உறைய வைத்த எலிதான் நல்லது. உயிருள்ள எலி தன்னைக் காத்துக்கொள்ளக் கடிக்கும், பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். பாம்புக்குப் பசியில்லாத அன்று எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப்போனால், காலையில் காயம்பட்டுக் கிடப்பது பாம்பாகத்தான் இருக்கும்.

முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை, பிளாஸ்டிக் பையில் போட்டு 40 டிகிரி வெந்நீரில் 15, 20 நிமிடம். எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே கெட்டியாக, சில்லென்று எதுவும் தட்டுப்படக் கூடாது. நடுவில் உறைந்திருக்கும் இரை செரிப்பதற்குள் அழுகத் தொடங்கி, பாம்பு கக்கிவிடும். கொதிநீர், மைக்ரோவேவ் இரண்டும் வேண்டாம். தோல் வெந்து வயிறு வெடித்துவிடும்.

பால் பைத்தானுக்கு ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. அதன் மேலுதட்டு ஓரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. எலியின் உடம்பு இருக்க வேண்டிய சூட்டில் இல்லாவிட்டால், அது இரை என்றே அதற்குத் தோன்றாது. அதனால் கொடுப்பதற்கு முன் எலியின் தலையை மட்டும் மறுபடி ஒரு நிமிடம் வெந்நீரில் காட்டித் துடைத்துக்கொள்ளுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை, அது வாசனையை வைத்தே முடிவு செய்யும்.

அறை விளக்கை அணையுங்கள். 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, மறைவிடத்தின் வாசலுக்குச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். முகத்துக்கு நேரே வருவதெல்லாம் அதற்கு எதிரி.

இப்போது பொறுமையாகப் பாருங்கள். முதலில் நாக்கு மெதுவாக, நீளமாக வெளியே வந்து மேலும் கீழும் ஆடும். தலை ஓர் அங்குலம் முன்னால் வரும். பிறகு நாக்கு சட்டென்று நின்றுவிடும். கழுத்து பின்னால் மடிந்து மடிந்து இறுகும். இந்த நொடியில்தான் புதியவர்கள் பயந்து கையைப் பின்னால் இழுத்துவிடுகிறார்கள், அதோடு அன்றைய இரை போச்சு. கையை அப்படியே வைத்திருங்கள். பாய்ந்து கவ்வி, இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். இடுக்கியைத் தளர்த்தி, இழுக்காமல் எடுத்துவிட்டு, மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போய்விடுங்கள்.

விழுங்கி முடித்ததும் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடும், தாடையை இடப்பக்கமும் வலப்பக்கமும் அசைக்கும். நோய் இல்லை, விழுங்கும்போது விரிந்த தாடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்த 48 மணி நேரம் யாரும் தொடக் கூடாது.

இரை கொடுக்க வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் கை விட்டாலே கடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பசியோடு இருக்கும் பாம்பைத் தூக்குவதும், வயிறு நிறைந்த பாம்பைத் திரும்பத் தூக்குவதும்தான் கடிபடுவதற்கும் இரையைக் கக்குவதற்கும் வழி. தொட்டியில் கை வந்தால் இரையா இல்லையா என்பதைக் கற்றுக்கொடுக்க எளிய முறை ஒன்று 9ஆம் பகுதியில் இருக்கிறது.

6. சாப்பிட மறுத்தால்

ஐந்து நிமிடம் காட்டியும் எடுக்கவில்லையென்றால், எலியை மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். கூச்சமுள்ள பல பாம்புகள் யாரும் பார்க்காதபோதுதான் எடுக்கும். காலையில் அப்படியே இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அடுத்த முயற்சி ஏழு நாள் கழித்து. மறுநாளே, அதற்கு மறுநாளே என்று காட்டிக்கொண்டிருந்தால் இரையின் வாசனையே அதற்குத் தொல்லையாகிவிடும். இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். என் முதல் பால் பைத்தான் ஐந்து வாரம் எதையும் தொடவில்லை. நானும் இரண்டு நாளுக்கொரு முறை எலியை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், தொட்டியின் இடத்தையே மாற்றினேன். கடைசியில் அதிகம் வளர்த்துப் பழகிய ஒருவர் சொன்னபடி மூன்று பக்கத்தையும் காகிதத்தால் மறைத்துவிட்டுப் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் இரவு முதல் முயற்சியிலேயே கவ்வியது.

ஆகவே ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இந்த வரிசையில்: முதலில் வெப்பம், பிறகு மறைவிடம், பிறகு நேரம், அப்புறம் இரையின் சூடு, கடைசியாக இரையின் வகை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. கார்ன் ஸ்நேக் குட்டியாக இருந்தால், காற்றோட்டத் துளையுள்ள சின்ன டப்பாவில் எலிக்குஞ்சோடு போட்டு, அந்த டப்பாவைத் தொட்டியின் சூடான பக்கத்தில் இரவு வைத்துப் பார்க்கலாம். நெருக்கமான இருட்டில் குட்டிகளுக்குத் துணிச்சல் வருகிறது.

வாரம் ஒரு முறை, மறைவிடத்தோடு சேர்த்துத் தூக்கி எடை பாருங்கள். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதுண்டு. எடை குறையாமல் இருந்தால் காத்திருக்கலாம். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, முதுகெலும்பு கூரை போலத் துருத்தினாலோ ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டிகளுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது, நான்கு வாரம் ஆகிவிட்டால் காட்டிவிடுங்கள். வாயைத் திறந்து திணிப்பது புதியவர் செய்யும் வேலை அல்ல, தொண்டை கிழிந்துவிடும்.

7. கக்கிவிட்டால்

இரை மட்டுமல்ல, வயிற்றின் அமிலமும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். 10 முதல் 14 நாள் எதுவும் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் வைத்து ஆற விடுங்கள். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சாப்பிட்ட உடனே தூக்கியது, சூடு போதாதது, இரை பெரிதாக இருந்தது. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்தான்.

8. சட்டை உரிக்கும் நாட்கள்

நிறம் மங்கி, கண் பால் போல நீலம் பூத்தால் சட்டை உரிக்கத் தயாராகிறது. பார்வை மங்கியிருப்பதால் எல்லாவற்றுக்கும் திடுக்கிடும், இந்த நாட்களில் தூக்கவும் வேண்டாம், இரையும் வேண்டாம். சில நாளில் கண் தெளியும். "சரியாகிவிட்டது" என்று தூக்கிவிடாதீர்கள், சட்டை அதற்குப் பிறகுதான் கழலும்.

ஈரப்பதத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கழன்ற சட்டையை விரித்து, இரண்டு கண்ணின் வட்டமும் வால் நுனியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு துண்டாக வந்திருந்தால் ஈரம் போதவில்லை. கண்மேல் ஒட்டியிருப்பதை ஒருபோதும் நகத்தால் உரிக்காதீர்கள், பார்வையே போகும். ஈரப் பாசி டப்பா வைத்து அடுத்த முறை வரை பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

9. கையில் எடுப்பது

தொடர்ந்து மூன்று வேளை மறுக்காமல் சாப்பிட்ட பிறகுதான் இந்தப் படி. சாப்பிடும் பாம்பு, இந்த இடம் தனக்குப் பாதுகாப்பானது என்று முடிவுசெய்துவிட்ட பாம்பு. அதற்கு முன் தூக்கினால் பசியையும் கெடுப்பீர்கள், பயத்தையும் கூட்டுவீர்கள்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலி வாசனை இருந்தால் விரல் இரையாகிவிடும். பிறகு செய்தித்தாளைச் சுருட்டி, அந்தக் குழலால் பாம்பின் நடு உடம்பை மென்மையாக இரண்டு முறை தொடுங்கள். தலையை அல்ல. இதுதான் முன்னே சொன்ன முறை: குழல் தொட்டால் இரை இல்லை, இடுக்கி வந்தால் இரை. ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்தால் சில வாரங்களில் புரிந்துகொள்ளும். குழல் பட்டதும் இறுகியிருந்த கழுத்து தளர்ந்து, நாக்கு மெதுவாக ஆடத் தொடங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம் பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோங்கள். மேலிருந்து இறங்கும் கை பருந்தைப் போலத் தெரியும். தலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு கை, வாலுக்கு முன்னால் இன்னொரு கை, உள்ளங்கையை அடியில் கொடுத்து ஒரே சீராகத் தூக்குங்கள். கையைக் கொண்டுபோய், தயங்கி, பின்வாங்கி, மறுபடி நீட்டுவதுதான் அதிகம் கடி வாங்கித் தருகிறது. தயக்கமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்குப் பாருங்கள்.

தூக்கிய பிறகு இறுக்கிப் பிடிக்காதீர்கள். தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊர்ந்து போக விடுங்கள். உடம்பு எங்கும் தொங்காமல் தாங்கினால் போதும். கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் நாள் ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். சில வாரங்கள் கழித்து 15, 20 நிமிடம் வரை போகலாம். பால் பைத்தான் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொண்டால், விரித்துப் பார்க்காதீர்கள், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். கார்ன் ஸ்நேக் குட்டி வாலைப் படபடவென்று அடிக்கும், நாற்றமடிக்கும் திரவத்தையும் விடும். எல்லாம் பயம்தான், கோபமில்லை.

அது அமைதியாக இருக்கும்போதே திரும்ப வையுங்கள். சீறியவுடன் வைத்தால், சீறினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். சீறினால் ஒரு நிமிடம் அசையாமல் காத்திருந்து, மூச்சு சீரானதும் வையுங்கள்.

முடிந்ததும் மறுபடி கை கழுவுங்கள். பாம்பின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், பாம்புக்கு எந்த நோயும் தெரியாவிட்டாலும் கூட. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. சமையலறை சிங்க்கில் பாம்பின் கிண்ணத்தைக் கழுவாதீர்கள்.

10. கடித்தால், நோய் தெரிந்தால்

பயத்தில் கடித்தால் உடனே விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கடித்தால் விடாமல் சுற்றிக்கொள்ளும். இரண்டிலும் கையை இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல் உடையும். விடாவிட்டால் கையைக் குளிர்ந்த குழாய்நீரில் பிடியுங்கள், விட்டுவிடும். காயத்தைச் சோப்பால் கழுவுங்கள். அன்றைக்கு மேற்கொண்டு தூக்க வேண்டாம், அடுத்த முறை வழக்கம்போல் தொடருங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயோரம் குமிழி, மூச்சில் கரகரப்பு, தலையை நேராக வைக்க முடியாமல் அண்ணாந்து பார்ப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசி இரை எப்போது, எடை எவ்வளவு, தொட்டியில் என்ன சூடு என்பதுதான் அவர் முதலில் கேட்பது.